கையில் டிகிரி, தலையில் கடன்: சாப்ட்வேர் வேலைக்காக காத்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பிள்ளைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்:

"தம்பிக்கு வேலை கெடச்சிருச்சா?"

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் என்ஜினீயரிங் முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த கேள்வியை கேட்டால் போதும், பெற்றோர் முகம் வாடி விடுகிறது. படிப்பு முடித்த கையோடு பொதிகை எக்ஸ்பிரசில் சென்னைக்கு ரெயில் ஏறிய காலம் ஒன்று இருந்தது. இப்போது டிகிரி வாங்கி ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகியும் வீட்டில் லேப்-டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கும் வாலிபர்கள், இளம்பெண்கள் பலர்.

"நல்லா படிச்சிருந்தா கெடச்சிருக்கும்" என்று சொந்தக்காரர்கள் சுலபமாக சொல்லி விடுகிறார்கள். ஆனால் கணக்கை எடுத்து பார்த்தால் தப்பு பிள்ளைகள் மேல் மட்டும் இல்லை என்பது தெரியும். ஐ.டி. கம்பெனிகள் ஆள் எடுக்கும் வாசலே சுருங்கிப் போய் விட்டது.

ஊரை மாற்றிய படிப்பு

இந்த பகுதிக்கு என்ஜினீயரிங் படிப்பு புதிது அல்ல. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் என்ஜினீயரிங் கல்லூரி 1984-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று அது நிகர்நிலை பல்கலைக்கழகம். அதே ஆண்டில் சிவகாசியில் மெப்கோ ஸ்லெங்க் கல்லூரி வந்தது. ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்ப கல்லூரி 2013-ல் தொடங்கியது.

பஞ்சு மில்லில் ஷிப்ட் பார்த்தவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தறி ஓட்டியவர், பால்கோவா அடுப்பில் நின்றவர், பட்டாசு ஆலைக்கு பஸ் ஏறியவர் என எல்லோருக்கும் ஒரே ஆசைதான். "நாம பட்ட கஷ்டம் புள்ளை படக்கூடாது" என்பதே அது. அந்த ஆசைக்கு வழி காட்டியது சாப்ட்வேர் கம்பெனிகள்தான். காரணம், அவர்கள் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். சிபாரிசு கேட்கவில்லை. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் தேறினால் வேலை.

இந்த ஒரு வாசலை நம்பித்தான் முதல் தலைமுறை பட்டதாரிகளின் குடும்பங்கள் நகையை அடகு வைத்தன. வங்கியில் கல்விக்கடன் வாங்கின.

லட்சத்தில் இருந்து ஆயிரத்துக்கு

2021-22 நிதி ஆண்டில் டி.சி.எஸ். நிறுவனம் மட்டும் புதிதாக படிப்பு முடித்தவர்கள் சுமார் 1 லட்சம் பேரை எடுத்தது. இன்போசிஸ் 85 ஆயிரம் பேரை எடுத்தது. கொரோனாவில் உலகமே ஆன்லைனுக்கு மாறியதால் வந்த வேலை அது. இந்திய ஐ.டி. துறையில் அந்த ஒரு ஆண்டில் கூடுதலாக சேர்ந்தவர்கள் சுமார் 4½ லட்சம் பேர் என்று நாஸ்காம் அமைப்பு கணக்கு சொன்னது.

இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 2023-24-ல் துறை முழுவதும் கூடுதலாக சேர்ந்தது சுமார் 60 ஆயிரம் பேர்தான். அதே ஆண்டில் டி.சி.எஸ்., இன்போசிஸ், விப்ரோ ஆகிய 3 பெரிய கம்பெனிகளிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய 64 ஆயிரம் குறைந்தது. பங்குச்சந்தைக்கு வந்த 2004-ம் ஆண்டுக்கு பிறகு டி.சி.எஸ்.சில் ஆண்டு கணக்கில் ஆள் குறைந்தது அதுவே முதல் முறை.

2024-25-ல் கொஞ்சம் மூச்சு வந்தது. டி.சி.எஸ். 42 ஆயிரம் புதியவர்களை எடுத்தது. இன்போசிஸ் 15 ஆயிரம் பேரை எடுத்தது. ஆனால் 85 ஆயிரம் எங்கே, 15 ஆயிரம் எங்கே? ஆறு பேர் நுழைந்த வாசலில் இப்போது ஒருவர்தான் நுழைய முடிகிறது.

அடுத்த அடி 2025 ஜூலையில் விழுந்தது. தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12 ஆயிரம் பேருக்கு மேல் குறைக்கப் போவதாக டி.சி.எஸ். அறிவித்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான 3 மாதத்தில் மட்டும் அங்கு ஊழியர் எண்ணிக்கை 19 ஆயிரத்து 755 குறைந்தது. பெரும்பாலும் நடுத்தர, உயர் பதவியில் இருப்பவர்கள்தான் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனி சொன்னது. ஆனால் அனுபவசாலிகள் வெளியே வந்தால் அவர்களும் வேலை தேடுவார்கள். அப்போது பின்னால் நிற்கும் புதிய பட்டதாரிக்கு வரிசை இன்னும் நீளும்.

காரணம் என்ன?

முதல் காரணம் அமெரிக்கா. நம் ஐ.டி. கம்பெனிகளுக்கு வரும் வருமானத்தில் பெரும் பகுதி அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் இருந்து வருவது. 2022 மார்ச் வரை அங்கு வட்டி ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தது. 2023 ஜூலைக்குள் அது 5 சதவீதத்தை தாண்டியது. வட்டி ஏறினால் கம்பெனிகள் முதலில் கை வைப்பது புதிய கம்ப்யூட்டர் வேலைகளில்தான். பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 நவம்பரில் 11 ஆயிரம் பேரை நீக்கியது. 2023 ஜனவரியில் கூகுள் 12 ஆயிரம், மைக்ரோசாப்ட் 10 ஆயிரம் என்று பட்டியல் நீண்டது. 2025 அக்டோபரில் அமேசான் 14 ஆயிரம் பேரை குறைப்பதாக சொன்னது.

இரண்டாவது காரணம், 2021-22-ல் தேவைக்கு மேல் ஆள் எடுத்தது. எடுத்தவர்களுக்கே கொடுக்க வேலை இல்லாதபோது புதிதாக யாரை எடுப்பார்கள்?

மூன்றாவது காரணம் ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட் ஜி.பி.டி. வந்த பிறகு, சின்ன புரோகிராம் எழுதுவது, சோதனை செய்வது போன்ற வேலைகளை மிஷினே பாதி செய்து விடுகிறது. புதிதாக சேரும் பையனுக்கு முதல் வருஷம் கொடுக்கும் வேலையே இதுதான். ஏ.ஐ.யால் ஆள் குறைப்பு இல்லை, திறமைக்கும் தேவைக்கும் பொருத்தம் இல்லாததே காரணம் என்று டி.சி.எஸ். தலைமை அதிகாரி கிருத்திவாசன் விளக்கம் அளித்தார். காரணம் எதுவானாலும் ஏணியின் கீழ்ப்படிதான் ஆட்டம் காண்கிறது.

நான்காவது, வெளிநாட்டு கதவும் இறுகி விட்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று உத்தரவு போட்டார். புதிய பட்டதாரிக்கு இதனால் நேரடி பாதிப்பு இல்லை. ஆனால் அங்கே போகும் சீனியரின் இடம் இங்கே காலியானால்தான் ஜூனியருக்கு வாய்ப்பு வரும். அந்த நகர்வு நின்று போகிறது.

ஆபர் லெட்டர் வேலை அல்ல

கேம்பஸ் இன்டர்வியூவில் தேறியவர்களும் நிம்மதியாக இல்லை. 2022-ல் இன்போசிசில் தேர்வாகி ஆபர் லெட்டர் வாங்கியவர்களில் பலர் சேர அழைப்பு வராமல் 2 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். கடைசியில் மைசூரு பயிற்சி மையத்துக்கு அழைக்கப்பட்டு, 2025 பிப்ரவரியில் உள்தேர்வில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டனர். 3 முறை வாய்ப்பு கொடுத்த பிறகே நடவடிக்கை எடுத்ததாக நிறுவனம் கூறியது.

2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்ட தொகுப்புகள், எல்லா தொழிலாளர்களுக்கும் நியமன கடிதம் கட்டாயம் என்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் இது வேலையில் சேர்ந்தவருக்கு கிடைக்கும் காகிதம். சேரும் தேதிக்காக வீட்டில் காத்திருப்பவரின் வயிற்றுக்கு எந்த சட்டமும் பதில் சொல்லவில்லை.

வட்டி காத்திருக்குமா?

இங்கேதான் ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பத்துக்கும் சென்னை அண்ணாநகர் குடும்பத்துக்கும் வித்தியாசம் வருகிறது.

வேலை சந்தை மோசமாக இருந்தது இது முதல் முறை இல்லை. 2001-ல் டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்தபோதும், 2008-09-ல் அமெரிக்க வங்கிகள் திவாலானபோதும் இதே நிலைமைதான். அப்போதும் ஆபர் லெட்டர் வைத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு சந்தை எழுந்தது. காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள்தான் கிடைத்த வேலைக்கு போய், அந்த பாதையில் இருந்தே விலகி போனார்கள்.

காத்திருப்பதற்கு பணம் வேண்டும். கணக்கு பாருங்கள். 4 லட்சம் ரூபாய் கல்விக்கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக் கொள்வோம். வட்டி மட்டுமே மாதம் 3 ஆயிரத்து 300 ரூபாய்க்கு மேல் ஓடுகிறது. படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருஷம்தான் தவணை கட்ட அவகாசம். 5 ஆண்டில் அடைப்பதானால் மாத தவணை சுமார் 8 ஆயிரத்து 500 ரூபாய். 10 ஆண்டு என்றால் சுமார் 5 ஆயிரத்து 300 ரூபாய்.

வேலை கிடைத்தாலும் பெரிய நிம்மதி இல்லை. பெரிய கம்பெனிகளில் புதியவருக்கு ஆண்டு சம்பளம் 3½ லட்சம் ரூபாய் அளவில் பத்து வருஷத்துக்கும் மேலாக அப்படியே நிற்கிறது. டி.சி.எஸ்.சின் அடிப்படை பிரிவில் இது 3 லட்சத்து 36 ஆயிரம். மாதத்துக்கு 28 ஆயிரம். பி.எப். பிடித்தம் போக கைக்கு வருவதில் சென்னை ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் போக மீதியில்தான் கடன் தவணை.

வேலையே இல்லை என்றால்? தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன் பட்டியலில் பெயர் ஏறும். கல்விக்கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டு கடன்தாரர். ஆகவே மகனின் சிபில் மட்டும் அல்ல, அப்பாவின் சிபிலும் சேர்ந்து விழும். தங்கச்சி கல்யாணத்துக்கு கடன் கேட்டு போனால் வங்கியில் கையை விரித்து விடுவார்கள்.

600 ரூபாய் கூட கிடையாது

தமிழக அரசின் வேலையற்றோர் உதவித்தொகை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் தரும் திட்டம் அது. ஆனால் என்ஜினீயரிங், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அது கிடையாது. 'என்ஜினீயருக்கு எப்படியும் வேலை கிடைத்து விடும்' என்ற காலத்தில் போட்ட விதி அப்படியே நிற்கிறது. அந்த நினைப்பு இன்று பொய்யாகி விட்டது. விதி மட்டும் மாறவில்லை.

வீட்டில் வசதி இருக்கும் பிள்ளை ஒரு வருஷம் கோடம்பாக்கத்தில் ரூம் எடுத்து ஏ.ஐ. கோர்ஸ் படிக்கும். சம்பளம் இல்லாமல் இன்டர்ன்ஷிப் போகும். மில் தொழிலாளி வீட்டு பிள்ளையால் அது முடியாது. மூன்றாவது மாதமே மெடிக்கல் ரெப், பைனான்ஸ் கலெக்ஷன், டெலிவரி வேலை என்று கிடைத்ததை பிடிக்க வேண்டியதுதான். உழைத்து சாப்பிடுவதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் 2 வருஷம் கழித்து சந்தை நிமிரும்போது கம்பெனிகள் அந்த வருஷம் முடித்தவர்களைத்தான் தேடி போகும். 'கேப்' விழுந்தவரை கண்டு கொள்ளாது.

பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். "ஒரு வருஷம் பாத்தாச்சு, இனி மாப்பிள்ளை பாப்போம்" என்று வீட்டில் முடிவு எடுத்து விடுகிறார்கள். நாலு வருஷ படிப்பு கல்யாண பத்திரிகையில் பெயருக்கு பின்னால் பி.இ. என்று போடுவதோடு முடிந்து போகிறது.

அவசரத்தில் விழும் குழி

காத்திருக்க முடியாத அவசரத்தைத்தான் மோசடி கும்பல் குறி வைக்கிறது. "பின்வாசல் வழியா பெரிய கம்பெனில போட்டு தர்றோம், 2 லட்சம் கட்டுங்க" என்று பேசும் ஏஜெண்டுகள் பல ஊர்களில் உண்டு. போலி அனுபவ சான்றிதழ் வாங்கி கொடுப்பவர்களும் உண்டு. சேர்ந்த பிறகு கம்பெனி சரிபார்ப்பில் அது சிக்கினால் வேலையும் போகும், பெயரும் கெடும்.

இதை விட பயங்கரமானது வெளிநாட்டு ஆசை காட்டுவது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பி போய், மியான்மர் எல்லையில் ஆன்லைன் மோசடி கும்பலிடம் அடைபட்ட தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு சென்னை திரும்பினர். அதற்கு முந்தைய மாதம்தான், கம்ப்யூட்டர் படித்த வாலிபர்களை இந்த கும்பல்கள் குறி வைப்பதாக மத்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்திருந்தது. அப்படியும் நிற்கவில்லை. 2025 மார்ச்சில் இதே போன்ற கூடாரங்களில் சிக்கிய இந்தியர்கள் 549 பேரை விமானப்படை விமானங்களில் அழைத்து வர வேண்டியதாயிற்று.

வேலைக்கு முன்பணம் கேட்டால் அது வேலை அல்ல, வியாபாரம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் அது வலை. பணம் கட்டி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.

எல்லா கதவும் மூடவில்லை

அதற்காக கம்ப்யூட்டர் படிப்பே வீண் என்று சொல்லி விட முடியாது. வெளிநாட்டு கம்பெனிகள் இந்தியாவில் சொந்தமாக நடத்தும் மையங்கள் 1,700-ஐ தாண்டி விட்டன. 2023-24 கணக்குப்படி இவற்றில் 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். ஆனால் இங்கே கூட்டம் கூட்டமாக எடுப்பது இல்லை. ஒரு வேலையை முழுசாக செய்து காட்ட தெரிந்தவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ராஜபாளையத்தில் இருந்து பஸ்சில் போய்விடும் தூரத்தில், தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் இயங்குகிறது. பிளஸ்-2, டிப்ளமோ முடித்தவர்களை தேர்வு செய்து, உதவித்தொகை கொடுத்து பயிற்சி அளித்து வேலையில் சேர்க்கும் பள்ளியையும் நடத்துகிறது. டிகிரியை விட கைவேலை முக்கியம் என்பது அங்கே கொள்கை.

இன்னொரு உதாரணம் யோசிக்க வைப்பது. ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற சாப்ட்வேர் கம்பெனியின் பதிவு அலுவலகம் இன்றும் ராஜபாளையத்தில்தான் உள்ளது. ஆனால் அதன் தலைமையகம் செயல்படுவது சென்னையில். முகவரி இங்கே, வேலை அங்கே. மதுரை மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது போன்றவை முழுசாக நிரம்பினால், ஸ்ரீவில்லிபுத்தூர் பிள்ளைகள் ஹாஸ்டல் வாடகை இல்லாமல் வேலை பார்க்க வழி பிறக்கும்.

பெற்றோர் கேட்க வேண்டியது

தப்பு நடக்கும் இன்னொரு இடம் கல்லூரியில் சேரும் நாள். 2024-25 முதல், தகுதி உள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வேண்டுமானாலும் கேட்டு பெறலாம் என்று ஏ.ஐ.சி.டி.இ. உச்சவரம்பை எடுத்து விட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் பெருகின. கம்பெனிகள் ஆள் எடுப்பதை குறைக்கும் நேரத்தில் கல்லூரிகள் இடத்தை கூட்டுகின்றன. இந்த கணக்கு எங்கே போய் முடியும் என்பதை சொல்ல ஜோசியர் தேவை இல்லை.

எனவே 'பிளேஸ்மெண்ட் 95 சதவீதம்' என்ற பேனரை நம்பி பணம் கட்டக்கூடாது. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் ஆபர் லெட்டர் வாங்கினார்கள், அதில் எத்தனை பேர் உண்மையில் வேலையில் சேர்ந்தார்கள், நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன ஆகிய 4 கேள்விகளை கேட்க வேண்டும். பதில் சொல்ல தயங்கினால் யோசிக்க வேண்டியதுதான்.

அரசு கவுன்சிலிங்கில் சேர்ந்தால் முதல் பட்டதாரி கட்டண சலுகை உண்டு. அரசு பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் இந்த சலுகைகள் கிடையாது. கடன் குறைந்தால் காத்திருக்கும் சக்தி கூடும். இதை மறக்கக்கூடாது.

ஏற்கனவே கடன் வாங்கியவர்களுக்கும் வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 4½ லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் தொழிற்படிப்பு படித்த காலத்துக்கும் அடுத்த ஒரு வருஷத்துக்கும் வட்டி மானியம் தரும் மத்திய அரசு திட்டம் இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரி கல்விக்கடன் திட்டத்தில், வேலை இல்லாத காலத்துக்கு தவணையை தள்ளி வைக்கவும் இடம் உள்ளது. தவணை தவறிய பிறகு ஓடி ஒளிவதை விட, தவறும் முன்பே வங்கிக்கு போய் மேனேஜரிடம் எழுத்து மூலம் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

விருதுநகர் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் பதிவதற்கும், 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளில் சேர்வதற்கும் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியது இல்லை.

செய்ய வேண்டியது யார்?

பிள்ளைகள் புதுசாக படிக்கத்தான் வேண்டும். அதில் மாற்று கருத்து இல்லை. ஆனால் மொத்த பாரத்தையும் 22 வயது பையன் தலையில் இறக்கி வைப்பது நியாயம் இல்லை. சேர்ந்தவர்கள் எண்ணிக்கையை கல்லூரிகள் உண்மையாக வெளியிட வேண்டும். வேலை இல்லா காலத்துக்கு தவணை தள்ளி வைக்கும் வசதியை வங்கிகள் தாங்களாகவே சொல்ல வேண்டும். என்ஜினீயருக்கு உதவித்தொகை இல்லை என்ற பழைய விதியை அரசு எடுத்து பார்க்க வேண்டும்.

சந்தை ஒருநாள் நிமிரும். கம்பெனிகள் மறுபடி ஆள் எடுக்கும். 2001-க்கு பிறகும் எடுத்தார்கள், 2009-க்கு பிறகும் எடுத்தார்கள். அந்த நாள் வரும்போது வரிசையில் நிற்க, வசதி படைத்த வீட்டு பிள்ளைகளோடு நெசவாளி வீட்டு பிள்ளையும், மில் தொழிலாளி வீட்டு பெண்ணும் மிச்சம் இருக்க வேண்டும். அதற்கு இந்த ஒன்றிரண்டு ஆண்டுகளை கடக்க கை கொடுப்பதுதான் இப்போதைய அவசர வேலை.